பழக்காரிக்கே பழத்தின் பெயர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. மீன்காரியிடம் மீன் பார்த்து எடுப்பது எப்படி என்றும், தையல்காரரிடம் ஊசி கோப்பது எப்படி என்றும், கொத்தனாரிடம் கலவை போடுவது எப்படி என்றும் பாடம் நடத்துகிற ரகம். அந்த ரகத்திலேயே பொறுக்கி எடுத்த ஒன்று, பழக்காரியிடம் போய், அவள் கடையிலேயே நின்றுகொண்டு, அவள் பழத்தையே கையில் எடுத்து, அதற்கு அவள் சொல்லும் பெயர் தப்பு என்று அவளுக்கே எடுத்துச் சொல்லும். பழம் வாங்குமா என்று கேட்காதீர்கள். வாங்குவதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இந்த ரகம் எல்லா ஊரிலும் விளைகிறது. நான் பக்கத்தில் இருந்து பார்த்த உருப்படி, எண்பதுகளின் நடுவில், டெக்சஸ் மாநிலத்து இர்விங்கில் குடியிருந்தது. பெயர் சிவராமகிருஷ்ணன். லாஸ் கொலினாஸில் ஓர் ஆபீஸில் எலெக்ட்ரிக்கல் என்ஜினியர். தாய்மொழி தமிழ், சம்பளம் வாங்கும் மொழி இங்கிலீஷ். இந்த இரண்டிலும் அவரிடம் யாரும் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஸ்பானிஷில் இறங்கிவிட்டார்.

முழு ஸ்பானிஷும் இல்லை. பழங்களின் பெயர் மட்டும். டெக்சஸுக்கு வருவதற்கு முன்னால் நியூ ஜெர்ஸியில், ஜெர்ஸி சிட்டியில், ஒரு போர்ட்டோ ரிக்கோக்காரரின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நாலு வருஷம் குடியிருந்தார். படி இறங்கும்போது ஒரு வார்த்தை, ஏறும்போது ஒரு வார்த்தை என்று சேர்த்து, நாற்பது பழப் பெயர்களோடு அந்த மாடியிலிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தார். வினைச்சொல் என்று ஒன்றுகூட வராது. ஒரு முறை சான் அன்டோனியோ போகிற வழியில் கார் நின்றுவிட்டது. ஃப்ரீவே ஓரமாக உதவிக்கு வந்த மெக்ஸிகன் மெக்கானிக்கிடம், நான் ஸ்பானிஷிலேயே பேசிக்கொள்கிறேன் என்று குடும்பத்தைக் காரில் உட்கார்த்திவிட்டு இறங்கினார். பத்து நிமிஷம் பேச்சு நடந்தது. முடிவில் அந்த மெக்கானிக் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, ஓர் ஆப்பிளை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார் என்று, அவர் மனைவி காமாக்ஷி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சரி, கற்றுக்கொண்டார், அதில் என்ன தப்பு என்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் ஸ்பானிஷ் பேசும் நாடுகள் இருபதோ என்னவோ இருக்கின்றன. மற்ற விஷயங்களில் எப்படியோ, பழத்தின் பெயரில் அவற்றுக்குள் ஒற்றுமை கிடையாது. ஆரஞ்சுப் பழம் மெக்ஸிகோக்காரருக்கு நரான்ஹா. போர்ட்டோ ரிக்கோக்காரருக்கு அது சீனா. நரான்ஹா என்றால் அங்கே புளிப்பு ரகம், நம் நாரத்தங்காயின் ஒன்றுவிட்ட தம்பி. வாழைப்பழம் இங்கே பிளாத்தனோ, அங்கே கினேயோ. பிளாத்தனோ என்றால் அங்கே சீவி வறுக்கிற வாழைக்காய். தண்ணிப்பழம் இங்கே சந்தீயா, அங்கே மெலோன். எல்லாம் அந்தந்த ஊரில் சரி. ஆனால் டெக்சஸில் பழக்கடை வைத்திருப்பவர்கள் மெக்ஸிகோக்காரர்கள். சிவராமகிருஷ்ணனோ ஜெர்ஸி சிட்டியில் எதைக் கற்றாரோ அதுதான் வேதம் என்று இருந்தவர். சுற்றிலும் லட்சம் பேர் நரான்ஹா என்று சொல்கிற ஊரில் ஒரே ஆள் சீனா என்று சொன்னால் யார் மாற வேண்டும்? லட்சம் பேர்தான் மாற வேண்டும் என்பது அவர் கட்சி.

புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் இர்விங்கில் வந்து இறங்கினால், ஏர்போர்ட்டிலிருந்து அவரே அழைத்து வருவார். நல்ல மனுஷர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். படுக்கை கொடுப்பார், லைசென்ஸ் வாங்கக் கூட வருவார், குழந்தைக்கு ஜுரம் என்றால் அவர் கார்தான் முதலில் வந்து நிற்கும். ஆனால் மறுநாள் காலை டிபனோடு ஒரு பழம் வரும். அதைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன, சொல்லு பாப்போம்" என்பார். வந்தவர் தூக்கக் கலக்கத்தில் வாழைப்பழம் என்பார், பனானா என்பார். சிவராமகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். "கினேயோ. இதான் ஒரிஜினல் வார்த்தை. இங்க இருக்கறவா வேற ஏதாவது சொல்லுவா, நம்பாதே." அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் மெக்ஸிகன் குழந்தைகளோடு விளையாடி, சரளமாக நரான்ஹா என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவளையும் விடமாட்டார். அவள் தமிழைப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற குழந்தை. "டாட், மரியா'ஸ் மாம் ஸேஸ் நரான்ஹா" என்பாள். மரியாவின் அம்மாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பார் இவர்.

அமெரிக்காவில் இவருக்குச் சரிசமமாக ஓர் ஆள் உண்டென்றால், அது கலிபோர்னியாவில் பிளசன்டனில் இருந்த அவருடைய காலேஜ் சிநேகிதர் சுந்தரராமன்தான். அவருக்கு சான் ரமோனில் ஆபீஸ். பக்கத்து மேஜையில் ஒரு சிலி நாட்டுக்காரர். போதாதா? ஸ்ட்ராபெர்ரிக்கு ஃப்ருத்தீயா, அவகாடோவுக்கு பால்த்தா என்று அவர் அங்கே கொடி நாட்டிவிட்டார். அந்த வட்டாரத்தில் வயலில் குனிந்து ஸ்ட்ராபெர்ரி பறிக்கிற ஆயிரம் பேரும் அதை ஃப்ரேஸா என்கிறார்களே என்று கேட்டால், அவர்களுக்குப் பறிக்கத்தான் தெரியும் என்பாராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர்கள் இருவரும் லாங் டிஸ்டன்ஸில் முக்கால் மணி நேரம் சண்டை போடுவார்கள். இருவரும் தமிழர்கள், சண்டை தமிழில், விஷயம் ஸ்பானிஷ். ஸ்பானிஷ் பேசுகிற ஒருத்தருக்கும் இப்படி ஒரு போர் நடக்கிற தகவலே தெரியாது.

இதெல்லாம் நாங்கள் சிரித்து ரசித்துக்கொண்டிருந்த சமாசாரம்தான். ஸ்வர்ணாவின் வளைகாப்பு வரும்வரை.

ஸ்வர்ணாவும் அவள் புருஷன் பசுபதியும் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே கீழ் வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் வளையல் அடுக்குவது என்று முடிவாயிற்று. மாயவரத்திலிருந்து அவள் அம்மா அபயாம்பாள் மாமி வந்திருந்தார். அதற்கு முன் மெட்ராஸைத் தாண்டாதவர். ஒரே பெண். கண்ணாடி வளையல்களைப் பழைய பருத்திப் புடவைக்குள் சுருட்டி, மூன்று விமானம் மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றுகூட உடையவில்லை. அந்த வளையலை எண்ணி எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன். புக்காத்து மனிதர்கள் யாரும் வர முடியவில்லை, ஊர் இல்லை, உறவு இல்லை, தட்டுகளாவது நிறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சூப்பர்மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய் வாழைப்பழத்தைக் காட்டினார்கள். முழங்கை நீளம், தோலில் லேபிள், ஐந்தைந்தாகப் பிய்த்து வைத்தது. மாமி ஒன்றைத் தட்டிப் பார்த்து, இது பழமா பிளாஸ்டிக்கா என்று கேட்டார். ஊரில் வைக்கிற மாதிரி சின்னப் பழம், முழுச் சீப்பாக, நாலு கிடைத்தால் போதும்; தித்திப்பாக ஆரஞ்சு கொஞ்சம்; வருகிறவர்கள் சாப்பிட இரண்டு தண்ணிப்பழம். அவ்வளவுதான் அவர் கேட்டது.

சிவராமகிருஷ்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். "மாமி, கவலையே படாதீங்கோ. சின்னப் பழம், முழுச் சீப்பா, நான் கொண்டுவந்து தரேன். சந்தைல ஒரு கடைக்காரி இருக்கா, அவளோட நான் ஸ்பானிஷ்லயேதான் பேசறது." மாமி அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். நான் ஏன் என்கிறீர்களா? நான் அப்போது பிரம்மச்சாரி. என்னிடம் ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. இந்த இரண்டு தகுதியும் சேர்ந்திருக்கிற ஆளுக்கு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது.

டாலஸ் பக்கம் வாரா வாரம் கூடுகிற திறந்தவெளிச் சந்தை அது. ஒரு நீல தார்பாலின் கூரைக்கு அடியில் தோன்யா எல்வீரா கடை வைத்திருந்தார். ஐம்பது வயது, இரட்டை நாடி சரீரம், மெக்ஸிகோவில் மான்டெரே பக்கம். போய் நின்றதுமே என் கண்ணில் பட்டுவிட்டது: விரல் நீளத்தில் மஞ்சள் வாழைப்பழம், அழகாக முழுச் சீப்பு, ஏழெட்டு. பக்கத்தில் கோபுரமாக ஆரஞ்சு. கீழே தண்ணிப்பழம். எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

அம்மாள் சும்மா இருந்திருக்கலாம். வாடிக்கையாளராயிற்றே என்று ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டி, "நரான்ஹா?" என்று கேட்டுவிட்டார். சிவராமகிருஷ்ணன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கணக்கு வாத்தியார் தப்பு விடையைப் பார்த்ததும் சிரிப்பாரே, அது. நோ நோ, சீனா என்றார். தோன்யா மறுபடி நரான்ஹா என்றார். இவர் மறுபடி சீனா என்றார். இது பல வாரமாக அவர்களுக்குள் நடக்கிற கச்சேரிதான். அந்த அம்மாள் வழக்கமாகத் தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அன்று கடையில் கூட்டம். கூட்டத்தைக் கண்டால் நம்மவருக்குக் குரல் உயர்ந்துவிடும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவர், எல்லோரையும் பார்த்து இங்கிலீஷில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்: நரான்ஹா என்றால் உண்மையில் புளிப்பு ரகம், தித்திப்பாக இருந்தால் அது சீனா, இந்த அம்மாள் இதை நரான்ஹா என்கிறார் என்றால், ஒன்று அவருக்குப் பெயர் தெரியவில்லை, அல்லது பழம் புளிக்கும்.

வெள்ளைக்காரத் தம்பதி எடுத்த ஆரஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கிழவரும் அவர்கள் பின்னாலேயே போனார்.

தோன்யா எல்வீரா கையைத் துடைத்துக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும் என்று அன்றுதான் தெரிந்தது. இது டெக்சஸ், நரான்ஹா என்று கேட்டால் நரான்ஹா தருவேன், சீனாதான் வேண்டுமென்றால் அந்தத் தேசத்துக்கே போய் வாங்கிக்கொள் என்றார். வாழைப்பழத்துக்கும் அதே சட்டம்: பிளாத்தனோ என்று கேட்டால் உண்டு. தண்ணிப்பழத்துக்கும் அப்படியே. தன் வாயால், இந்தக் கடையில் வழங்கும் பெயரைச் சொல்லிக் கேட்காதவருக்கு ஒரு பழமும் கிடையாது.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் காதில் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. தப்பு என்று தெரிந்துகொண்டே எப்படிச் சொல்வது என்றார். கொள்கை என்றார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அந்த அம்மாளே, ஆளை அப்புறப்படுத்தினால் போதும் என்று, ஓர் அன்னாசியைத் தூக்கிக் காட்டினார். பீன்யா? இவர் யோசித்துப் பார்த்தார். ஜெர்ஸி சிட்டியிலும் அது பீன்யாதான். ஸீ, ஆமாம், பீன்யாதான் என்றார். அடுத்து ஒரு பப்பாளி. பாப்பாயா? ஸீ, பாப்பாயா. இரண்டு நாட்டுத் தூதர்கள் உடன்படிக்கை போட்டுக்கொண்ட மாதிரி இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எட்டு அன்னாசி, ஐந்து பப்பாளி. வண்டியில் ஏற்றினோம். வழி முழுக்க மனுஷருக்கு முகம் பூரித்திருந்தது. ஓர் இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை பார்த்தாயா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பார்த்தேன் என்றேன். எனக்கும் மூளை வேலை செய்யவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நம் வீடுகளில் மாசமாக இருக்கிற பெண்ணின் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று வைத்திருக்கிற பழங்கள் இரண்டே இரண்டு. டாக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அந்த இரண்டும் அந்தப் பத்து மாதம் வாசல் படி ஏறாது. அன்னாசி ஒன்று. இன்னொன்று பப்பாளி.

அபயாம்பாள் மாமி ஏழு தட்டையும் துடைத்து, குங்குமம் வைத்து, ஹாலில் வரிசையாகப் பரப்பியிருந்தார். பையைத் திறந்தார். அன்னாசியின் கொண்டை தெரிந்தது. அடுத்த பையைத் திறந்தார். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். காமாக்ஷி தன் புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுதுவதற்கில்லை.

மாமி சத்தம் போடவில்லை. "மாசமா இருக்கற பொண்ணுக்குப் பப்பாளியை வெச்சு வளையல் அடுக்கச் சொல்றேளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டுகளைப் பார்த்துக்கொண்டு, வளையல் ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்தேனே என்றார். கண் நிறைந்துவிட்டது. ஸ்வர்ணா, பரவாயில்லம்மா, பழம் இல்லாவிட்டால் என்ன என்று சொல்லிக்கொண்டே தானும் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. பழம் அங்கே இருந்தது. கண் எதிரே இருந்தது. ஒரு மனுஷருடைய நாக்கு மடங்காததால் இந்த வீட்டில் ஒரு தாயார் அழுகிறாள். சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடட்டுமா என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். அந்தச் சின்னப் பழம் சந்தையில் இருந்ததா இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றேன். பின்னே ஏன் வாங்கவில்லை என்றார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாமி கேட்டு முடித்தார், எழுந்தார், வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். கிளம்புங்கள் இரண்டு பேரும் என்றார். மணி எட்டே முக்கால்.

சந்தையில் நாங்கள் மூவரும் வருவதைப் பார்த்ததுமே தோன்யா எல்வீரா கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். வாழைப்பழம் நல்ல வேளையாக நாலு சீப்பு மிச்சம். மாமி அதைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், சிவராமகிருஷ்ணனைப் பார்த்தார். இவர் வாயைத் திறந்தார். மூடினார். அது வந்து மாமி, இலக்கணப்படி என்று ஆரம்பித்தார்.

மாமி குறுக்கிட்டார். "எங்காத்துக்காரர் பேரை நாப்பது வருஷமா நான் வாயால சொன்னதில்ல. ரேஷன் கடைல கேட்டாக்கூட, பக்கத்துல நிக்கறவாளை விட்டுச் சொல்லச் சொல்லிடுவேன். போன மாசம் பாஸ்போர்ட் ஆபீஸ்ல அந்தப் பையன், நீங்களே சொன்னாத்தான் ஆச்சுன்னுட்டான். பொண்ணைப் பாக்கணுமேன்னு சொல்லிட்டேன். நாக்கு வெந்துடல. நீங்கோ ஒரு ஆரஞ்சுப் பழத்துக்கு இவ்வளவு யோசிக்கறேளே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது இருபது. பத்தரைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

"நரான்ஹா" என்றார் சிவராமகிருஷ்ணன். அவர் சட்டைப் பித்தானுக்கு மட்டும் கேட்டிருக்கும். தோன்யா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். "நரான்ஹா" என்றார் மறுபடி, இந்த முறை மனிதக் குரலில். இருபது ஆரஞ்சு பையில் விழுந்தது. பிளாத்தனோ என்றார். நாலு சீப்பும் வந்தது. சந்தீயா என்றபோது குரல் உடைந்தே போயிற்று, ஆனாலும் சொன்னார். ஜெர்ஸி சிட்டியில் நாலு வருஷம் ஏறி இறங்கிய படிகள் அத்தனையும் அந்த நிமிஷம் அவர் கண்முன் வந்து போயிருக்கும். எனக்கே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவ்வளவு பெரிய தியாகம்.

மாமி தண்ணிப்பழத்தைத் தட்டிக் காதை வைத்துப் பார்த்தார். தோன்யாவும் வேறொன்றைத் தட்டி, அதைவிட இது என்று கண்ணால் காட்டினார். இருவரும் சேர்ந்து ஆறேழு பழத்தைத் தட்டி இரண்டைப் பொறுக்கினார்கள். ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கட்டி முடித்ததும் மாமி கையை நீட்டியபடியே நின்றார். என்ன இன்னும் என்று எனக்குப் புரியவில்லை. தோன்யாவுக்குப் புரிந்தது. சிரித்துவிட்டார். கொசுறு! "பிலோன்" என்று சொல்லிக்கொண்டு, கீழே கூடையில் தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஐந்தாவது சீப்பை எடுத்தார். மாமி கூடுதலாக ஒரு சீப்புக் கிடைக்கிறதே என்று முகமெல்லாம் பல்லாக நின்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பிலோன் இல்ல. ஜெர்ஸில கொசுறுக்கு ஞாப்பான்னு..."

சீப்பு அந்தரத்தில் நின்றது. தோன்யாவின் புருவம் ஏறியது. கை மெல்லத் திரும்பக் கூடைப் பக்கமாகப் போகத் தொடங்கியது. நான் பதறிப்போனேன். அபயாம்பாள் மாமி பதறவில்லை. பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார், நகத்தால் கீறி உரித்தார், பெரிய சுளையாக ஒன்றைப் பிட்டு, சிவராமகிருஷ்ணன் கையில் திணித்தார். வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பெரியவர் சொல்லாயிற்றே, போட்டுக்கொண்டார். வாய் மூடியது. சீப்பு எங்கள் பைக்கு வந்து சேர்ந்தது.

"புளிக்கறதா?" என்று கேட்டார் மாமி.

"இல்ல மாமி. தித்திப்பா இருக்கு."

இதைத் தோன்யாவிடம் நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வளையல் அடுக்கினார்கள். ஏழு தட்டும் நிறைந்து வழிந்தது. சின்ன வாழைப்பழச் சீப்பு ஐந்தும் முன்னால், ஆரஞ்சு குவியலாக நடுவில். ஸ்வர்ணாவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை குலுங்கியது. மாமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாயவரத்தில் செய்திருந்தால்கூட இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சிவராமகிருஷ்ணன் ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தபோதுகூட, இது என்ன, சொல்லு பாப்போம் என்று கேட்கவில்லை. எட்டு அன்னாசியும் ஐந்து பப்பாளியும் என் வீட்டுக்கு வந்தன. பதினைந்து நாள் சாப்பிட்டேன்.

மனுஷர் திருந்திவிட்டார் என்று நான் இந்த இடத்தில் முடித்திருப்பேன். ஆனால் வெற்றிலை பாக்கு முடிந்து தண்ணிப்பழத்தை வெட்டிக் கொண்டுவந்தார்கள். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஜெபராணி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தர்பூசணி நல்ல சிவப்பாக இருக்கிறதே என்றாள். பசுபதி, தர்பூசணி என்பது மெட்ராஸ்காரர்கள் கிளப்பிவிட்டது, இது தண்ணிப்பழம் என்றான். திருச்சிப் பக்கத்து வாஞ்சிநாதன் தட்டைக் கீழே வைத்தார். கோசாப்பழம் என்பதுதான் சரி, மற்றதெல்லாம் நேற்று வந்தது என்றார். அதற்குள் இன்னொருவர் கோசா என்றால் அது வேறு பழம் என்றார். கொய்யாவில் ஆரம்பித்துச் சீத்தாப்பழம் வரை போயிற்று. ஸ்வர்ணாவின் வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தக் கூச்சலில் உரக்கக் கத்தியது யார் என்று பிற்பாடு விசாரித்தபோது, எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள். மூலையில் சிவராமகிருஷ்ணன் மட்டும் எங்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு, பேசாமல் பழம் தின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம். இதில் நான் எத்தனையோ இடத்தில் தண்ணிப்பழம் என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் உதடு லேசாக அசைந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். வளைகாப்பு என்றபோது, அது வேறே, பூச்சூட்டல் வேறே, எங்கள் பக்கத்தில் ஐந்தாம் மாதம்தான் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. மாயவரமா, அது மயிலாடுதுறை ஆகி எவ்வளவு நாளாயிற்று என்று இன்னொருவர். அன்னாசியை உங்கள் வீட்டில் வேறே ஏதோ சொல்வார்கள் என்றும் தெரியும். இப்போது கடிதம் எழுதப் பேனா தேடிக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக எழுதுங்கள். எழுத உட்காருவதற்கு முன்னால், ஓர் ஆரஞ்சை உரித்துப் பெரிய சுளையாக ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.